குருதியும் குளம்படியும்

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்னும் பழமொழி ஆசிரியர் அறைகளில் அடிக்கடி ஒலிக்கும் ஒன்று. முதலாம் ஆண்டில் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையைக் கண்டும் அதனைச் சொல்வர். அப்பிள்ளையின் தமையன் சென்ற ஆண்டு தேர்வில் தவறியதை நினைந்தும் சொல்வர். எல்லாம் பிறப்பிலேயே அமைந்து கிடக்கின்றது, பார்க்கத் தெரிந்தவன் கண்ணுக்கு அது புலப்பட்டுவிடும் என்பதே அதன் உட்கிடை. இப்பழமொழி மெய்யா பொய்யா என்று அறிய விழைவோர் வயற்புறம் செல்ல வேண்டியதில்லை; குதிரை ஏலம் நடைபெறும் இடத்திற்குச் சென்றால் போதும். ஒரு நாளும் பந்தயத்தில் ஓடிப் பாராத ஓராண்டுக் குட்டியின் முன்னே நின்று, அதன் தந்தை இன்னது, தாய் இன்னது, பாட்டன் இன்னது என்று ஏடு புரட்டிப் பார்த்து இலட்சக்கணக்கான டாலரைத் தூக்கிக் கொடுக்கும் கூட்டம் அங்கே உண்டு. முளையைப் பார்த்துப் பயிரைச் சொல்லும் வித்தை மெய்யாயின், அஃது அங்கேயன்றோ முதலில் மெய்ப்பட்டிருத்தல் வேண்டும்?

அங்கு மெய்ப்படவில்லை. பெரும் பந்தயக் குதிரைகள் இவ்வுலகிற்கு விட்டுச் சென்ற செல்வம் அவற்றின் குருதியே என்று அவ்விளையாட்டின் வரலாற்றை எழுதுவோர் பலர் கூறி வருகின்றனர். அக்குதிரைகளின் வாழ்க்கையோ அக்கூற்றுக்கு எதிர்ச்சான்றாகவே நிற்கின்றது.

குதிரைப் பந்தயம் என்றவுடன் முகஞ்சுளிப்போர் நம்மவருள் உளர். சம்பள நாளன்று பந்தயத் திடலில் பணங்கட்டிவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பிய தந்தையரால் சீரழிந்த குடும்பங்களை அவர்கள் கண்டிருப்பர். அவர்தம் சினம் நேரியதே. ஆயினும் அக்குற்றம் குதிரையின் மீதன்று. சூதாட்டத்தைச் சாட வேண்டிய இடம் வேறு. இங்கே சாடப்படுவது குலப்பெருமை என்னும் மற்றொரு சூது.

‘தரோபிரெட்’ எனப்படும் பந்தயக் குதிரை இனம் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட ஒன்று. கீழை நாடுகளிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அங்குக் கொண்டு வரப்பட்ட மூன்று ஆண் குதிரைகளையே அவ்வினத்தின் ஆதித் தந்தையர் என்பர். பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடோல்ஃபின் அரேபியன் என்பன அவற்றின் பெயர்கள். 1791ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வெதர்பி என்பார் இவ்வினத்திற்கெனப் பொதுக் குலப்பதிவேடு ஒன்றனை வெளியிட்டார். மனிதர்தம் குடிவழியைக் கூட இத்துணைக் கருத்தாக எழுதி வைத்தவர் அரியர். இன்று உலகிலுள்ள ஆண் தரோபிரெட் குதிரைகளில் 100க்கு 95 தந்தை வழியில் டார்லி அரேபியனையே சென்றடைகின்றன என்று அறிவியலாரும் கண்டுரைத்துள்ளனர். குருதிக் கட்சியார்க்கு இதனினும் பெரிய வெற்றி வேண்டுமோ? அவ்வழியிலேதான் 1764இல் எக்லிப்ஸ் என்னும் குதிரை பிறந்தது. கதிரவன் மறைப்புற்ற நாளில் பிறந்தமையால் அப்பெயர் பெற்ற அது, ஐந்தாம் வயதில் திடலில் இறங்கி, ஓடிய 18 பந்தயங்களிலும் தோல்வியே காணாது ஓய்வு பெற்றது. அதன் எலும்புக்கூட்டை இன்றளவும் இலண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியார் பேணி வருகின்றனர்.

ஆயினும் அந்த எக்லிப்சின் கதையையே சற்று ஊன்றிப் பார்த்தல் வேண்டும். அதனை வளர்த்த கம்பர்லாந்துக் கோமகன் 1765இல் மறைந்தபோது, குட்டியாக இருந்த எக்லிப்ஸ் 75 கினிக்கு விலைபோயிற்று. அதன் தந்தையாகிய மார்ஸ்க் அதனினும் இழிவாக மதிக்கப்பட்டு அற்ப விலைக்குக் கைமாறியது. மகன் திடலில் வென்ற பின்னரே தந்தையைத் தேடி ஓடினர். அதன் மதிப்பை ஏற்றினர். தந்தையின் புகழால் மகன் அறியப்பட்டான் என்று ஏடு சொல்கின்றது. நடந்ததோ மகனின் புகழால் தந்தை அறியப்பட்டமை. குலப்பதிவேடுகள் முன்னின்று பின்னோக்கி எழுதப்பெறுவன. படிப்பவர்தாம் அவற்றைப் பின்னின்று முன்னோக்கிப் படித்து ஏமாறுகின்றனர்.

செக்ரட்டேரியட் என்னும் அமெரிக்கக் குதிரையை அறியாத பந்தய உலகினர் இலர். 1973ஆம் ஆண்டு சூன் 9ஆம் நாள் நியூயார்க்கின் பெல்மாண்ட் திடலில், ஒன்றரை மைல் தொலைவை 2 நிமிடம் 24 வினாடியில் கடந்து, அடுத்து வந்த குதிரையை 31 குதிரை நீளத்திற்குப் பின்னே விட்டு அது வென்றது. ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் அக்காலக் கணக்கு முறியடிக்கப்படவில்லை. அதன் தந்தை போல்ட் ரூலர், தாய் சம்திங்ராயல். இரண்டும் பெருங்குலத்தவை. ‘கண்டீரா குருதியின் ஆற்றலை!’ என்று கைகொட்டுவோர் இங்கே சற்றுப் பொறுத்தல் நலம்.

போல்ட் ரூலரின் உடைமையாளர்க்கும் சம்திங்ராயலின் உடைமையாளர்க்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருந்தது. பிறக்கும் குட்டிகளை இருவரும் பகிர்ந்து கொள்வர்; முதலில் தேர்ந்தெடுப்பவர் யார் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்வர். 1969இல் நாணயம் சுண்டப்பட்டது. வென்றவர் போல்ட் ரூலரின் பக்கத்தவரான ஆக்டன் ஃபிப்ஸ். பரம்பரையாகக் குதிரை வளர்த்தவர், தேர்ந்த கண்ணுடையவர். முன்னமே பிறந்து கண்முன் நின்ற சம்திங்ராயலின் பெண் குட்டியை அவர் எடுத்துக் கொண்டார். தோற்றவர் பென்னி செனரி என்னும் பெண்மணி. சம்திங்ராயலின் வயிற்றில் அப்போது இருந்த, ஆணா பெண்ணா என்றும் தெரியாத கரு அவர் பங்கிற்கு விழுந்தது. அக்கருவே செக்ரட்டேரியட். ஃபிப்ஸ் விரும்பி எடுத்த பெண் குட்டிக்கு ‘தி பிரைடு’ என்று பெயர். அதே தந்தை, அதே தாய், ஓராண்டே மூத்த உடன்பிறப்பு. அது தன் வாழ்நாளில் ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை.

இதற்குக் குருதிக் கட்சியார் என்ன விடை கூறுவர்? ஒரு கொடியில் பூத்த இரு மலர்களுள் ஒன்று உலகை வென்றது. மற்றொன்று முதற்படியையும் ஏறவில்லை. ஒரே குருதி இரண்டினுள்ளும் ஓடிற்று. தேர்ந்த கண் பார்த்துப் பொறுக்கியது எது, நாணயம் தோற்றவர்க்குக் கிடைத்தது எது என்பதையும் மறத்தல் கூடாது.

தென்கடலில் இதே கதை மற்றொரு முறை நடந்தது. 1926இல் நியூசிலாந்தில் பிறந்த ஃபார் லாப், 160 கினிக்கு ஏலம் போன குதிரை. மின்னல் என்று பொருள்படும் தாய்லாந்துச் சொல்லினின்று அமைந்த பெயர் அது. நேரிற் கண்ட உடைமையாளர் மனம் சோர்ந்து, பயிற்சிச் செலவைத் தர மறுத்து, பயிற்றுநர் ஹாரி டெல்ஃபோர்டிடமே மூன்றாண்டுக் குத்தகைக்கு விட்டுவிட்டார். முதற்பந்தயத்தில் அது கடைசியாக வந்தது. டெல்ஃபோர்டு விடவில்லை, மணல் மேடுகளில் ஏற்றி இறக்கி அதனை உருவாக்கினார். 51 பந்தயங்களில் 37 வெற்றி, 1930ஆம் ஆண்டின் மெல்பர்ன் கிண்ணம், 1932இல் மெக்சிகோ நாட்டு வெற்றி, அடுத்த சில நாள்களிலேயே கலிஃபோர்னியாவில் திடீர் மரணம். இறந்த பின்னர் அதன் தோலை மெல்பர்னும், எலும்புக்கூட்டை நியூசிலாந்தும், இதயத்தைக் கான்பெராவும் பங்கிட்டுக் கொண்டன. 6.2 கிலோ எடையுள்ள அவ்விதயத்தைக் காட்டி, ‘இவ்வளவு பெரிய இதயம்! வெல்லாமல் என்ன செய்யும்?’ என்று வியப்பர். 160 கினிக்கு வாங்கியபோது அவ்விதயம் எவர் கண்ணுக்கும் தெரியவில்லையே! அதன் உடன்பிறப்புகளுள் ஒன்றேனும் பெரும்பந்தயம் எதனையும் வென்றதில்லை. ஃபார் லாப் காயடிக்கப்பட்ட குதிரை. அதற்கு வழித்தோன்றலும் இல்லை. முன்னும் பின்னும் குருதிச் சான்று எதுவுமின்றி நடுவானில் மின்னி மறைந்த அதனை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்றளவும் தத்தமக்கு உரியதென்று வழக்காடுகின்றன.

ஆசிரியர் குலம் கருத்தூன்றிக் கற்க வேண்டிய வரலாறு சீபிஸ்கட் என்னும் குதிரையினுடையது. அதன் பாட்டன் மேன் ஓ வார், 21 பந்தயங்களில் 20 வென்ற பெருவீரன். சீபிஸ்கட்டோ குட்டையான கால், அழகற்ற முழங்கால், எப்போதும் தூக்கம், எப்போதும் பசி என்று வாய்த்த குதிரை. அதனை முதலில் பயிற்றியவர் எளியவர் அல்லர். ‘மும்முடி’ என்று போற்றப்படும் மூன்று பெரும்பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்ற கேலண்ட் ஃபாக்ஸ், ஒமாஹா ஆகிய இரு குதிரைகளை 1930இலும் 1935இலும் உருவாக்கிய ஜேம்ஸ் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் அவர். அத்துணைப் புகழ்மிக்க பயிற்றுநரின் லாயத்தில் சீபிஸ்கட் ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்கிற்று. முதல் 17 பந்தயங்களில் ஒன்றிலும் அது வெல்லவில்லை. இரண்டு வயதிலேயே 35 முறை ஓட வைக்கப்பட்டது. பெருங்குதிரைகள் பழகும்போது அவற்றிற்குத் துணையாக ஓடும் பணியும் அதற்குத் தரப்பட்டது.

கெட்டிக்கார ஆசிரியரிடம் மாட்டிக்கொண்ட மந்த மாணவனின் நிலை இதுவேயன்றோ? ஆசிரியர் கெட்டிக்காரர்தாம், அவரிடம் படித்தோர் பலர் முதல் தகுதி பெற்றோர்தாம். அவருடைய கண்ணே அப்பிள்ளைக்குப் பகையாயிற்று. முன்னரே மும்முடி வீரர்களைக் கண்ட கண், முளையைப் பார்த்தது. பயிர் இன்னதென்று தீர்ப்பளித்தது. மேற்கொண்டு பார்க்க மறுத்துவிட்டது.

1936 ஆகஸ்டில் சார்லஸ் ஹோவர்டு என்னும் கார் வணிகர் அதனை 8,000 டாலருக்கு வாங்கி, டாம் ஸ்மித் என்னும் அதிகம் பேசாத பயிற்றுநரிடம் ஒப்படைத்தார். ஸ்மித் புதுமை எதுவும் செய்துவிடவில்லை. முதற்கண் அக்குதிரையை உறங்க விட்டார். விரும்பிய அளவு உண்ண விட்டார். பதற்றத்தால் லாயத்திற்குள் சுற்றிச் சுற்றி வந்த அதற்குத் துணையாக பம்ப்கின் என்னும் அமைதியான குதிரை ஒன்றைப் பக்கத்தில் கட்டினார். பின்னர் ஒரு நாயும் ஒரு குரங்கும் அத்துணையோடு சேர்ந்தன. தன்னை எவரும் அடிக்கப்போவதில்லை என்று குதிரை தெளிந்த பின்னரே ஓட்டத்தைக் கற்பித்தார்.

1938 நவம்பர் 1ஆம் நாள் பால்டிமோர் நகரின் பிம்லிக்கோ திடலில் சீபிஸ்கட்டும் வார் அட்மிரலும் தனித்து மோதின. வார் அட்மிரல் மேன் ஓ வாரின் சொந்த மகன்; 1937இன் மும்முடி வீரன்; தொடக்கத்திலேயே பாய்ந்து முன்னேறும் இயல்பினது. பின்தங்கி ஓடிப் பின்னர் எட்டிப் பிடிக்கும் சீபிஸ்கட்டால் அதனைத் தொடவும் இயலாது என்றே பலரும் கருதினர். ஸ்மித் மணியொன்றைச் செய்து கொண்டு, மணியோசை கேட்டவுடன் பாயும்படி சீபிஸ்கட்டை நாள்தோறும் பழக்கி வைத்திருந்தார். மணி ஒலித்தது. முந்திப் பாய்ந்தது சீபிஸ்கட்! இறுதியில் நான்கு குதிரை நீள வேறுபாட்டில் மகன் தோற்றான், பேரன் வென்றான்.

‘எப்படியாயினும் இருவரும் மேன் ஓ வாரின் குருதியே, ஆகவே வென்றது குருதியே’ என்று ஒரு சாரார் உரைக்கக் கேட்கலாம். நல்ல வாதம். அங்ஙனமாயின் அதே குருதி 17 முறை தோற்றது எதனால்? ஃபிட்ஸ்சிம்மன்சின் லாயத்தில் அது உறங்கிக் கொண்டிருந்ததா? உறங்கிய குருதியை எழுப்பியது எதுவோ, அதற்கன்றோ புகழைத் தருதல் வேண்டும்? வென்றால் குருதி, தோற்றால் பயிற்சி என்று எந்நிலையிலும் தோலாத வாதம் வாதமன்று, வெறும் பிடிவாதம். சீபிஸ்கட் பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட குட்டிகளுக்குத் தந்தையாயிற்று. ஒன்றேனும் அதன் நிழலைத் தொடவில்லை.

குருதிக்கு இடமே இல்லை என்று கூறுவது பிதற்றலாகும். கழுதைக்கு எத்துணைப் பயிற்சி அளிப்பினும் அது டெர்பியில் வெல்லப் போவதில்லை. எதிர்க்கட்சியாரிடம் ஒரு வலிய சான்றும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. 1961இல் கனடாவில் பிறந்த நார்தர்ன் டான்சர் 1964இல் கென்டக்கி டெர்பியை வென்றது. பொலிகுதிரையான பின்னர் நிஜின்ஸ்கி, சாட்லர்ஸ் வெல்ஸ், டான்சிக் முதலிய பெருங்குதிரைகளைப் பெற்றது. பெரும்பந்தயங்களை வென்ற அதன் மக்கள் மட்டும் 147 என்று கணக்கிட்டுள்ளனர். 1980களில் அதனோடு ஒரு பெண் குதிரையை ஒருமுறை சேர்ப்பதற்கு 10 இலட்சம் டாலர் வரை கேட்டனர். குட்டி பிறக்கும் என்னும் உறுதியும் தரப்படவில்லை. இதனினும் சிறந்த சான்று குருதிக்கு இல்லை.

அந்த நார்தர்ன் டான்சரே ஓராண்டுக் குட்டியாக இருந்தபோது 25,000 டாலர் விலை கூறி விற்பனைக்கு நிறுத்தப்பட்டது. குள்ளமாக இருக்கின்றது என்று வந்தோர் அனைவரும் தள்ளிவிட்டனர், வாங்குவார் இல்லை. பின்னர் 1983இல் அதன் மகன் ஒன்றை, ஓடிப் பார்ப்பதற்கு முன்னமே 102 இலட்சம் டாலருக்கு ஏலம் எடுத்தனர். ஸ்னாஃபி டான்சர் என்று பெயர் சூட்டப்பட்ட அக்குட்டி ஒரு பந்தயத்திலும் ஓடவே இல்லை. ஓடும் தகுதி அதற்கு இல்லை என்று பயிற்சியிலேயே தெரிந்துவிட்டது. சரி, குருதியாவது பயன்படட்டும் என்று பொலிகுதிரையாக்கினர். அங்கும் மலட்டுத் தன்மை குறுக்கிட்டது. தந்தையை முளையைப் பார்த்துத் தள்ளினர், மகனை முளையைப் பார்த்து அள்ளினர், இருமுறையும் பிழைத்தனர்.

இன்னும் இரண்டு கணக்குகளைப் பார்த்துவிட்டு மேற்செல்லலாம். 1975இல் 17,500 டாலருக்கு வாங்கப்பட்ட சியாட்டல் ஸ்லூ, 1977இல் தோல்வியே அறியாமல் மும்முடி சூடியது. அதன் பெயரால் மயங்கி, அதே தாய் வயிற்றில் நிஜின்ஸ்கிக்குப் பிறந்த தம்பியை 1985இல் 131 இலட்சம் டாலர் கொடுத்து வாங்கினர். சியாட்டல் டான்சர் என்னும் அத்தம்பி அயர்லாந்தில் இரண்டு பந்தயங்களை வென்று அடங்கிவிட்டது. 2006இல் 160 இலட்சம் டாலருக்கு விலைபோன தி கிரீன் மங்கி மூன்று முறை ஓடியது, மூன்றிலும் தோற்றது.

இவ்வளவுக்குப் பின்னும் அம்மயக்கம் ஏன் தெளியவில்லை? கணக்கெடுக்கும் முறையில்தான் கோளாறு. நூறு குட்டிகளில் இரண்டு வென்றால் ‘தந்தையின் குருதி’ என்பர். தொண்ணூற்றெட்டு தோற்றால் அவற்றின் பெயரையே எவரும் நினைவு கொள்வதில்லை. அன்றியும், புகழ்பெற்ற பொலிகுதிரைக்கே சிறந்த பெண் குதிரைகளை அனுப்புகின்றனர். அதன் குட்டிகளுக்கே சிறந்த புல்வெளி, சிறந்த தீனி, சிறந்த மருத்துவர், சிறந்த பயிற்றுநர். இத்தனையும் கொடுத்துவிட்டு வெற்றியை மட்டும் குருதியின் பெயரில் வரவு வைக்கின்றனர். முதல் வகுப்பு என்று பிரிக்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறந்த ஆசிரியர்களை அனுப்பிவிட்டு, கடைசி வகுப்பிற்கு யார் மீந்தாரோ அவரை அனுப்பி, ஆண்டிறுதியில் ‘நாம் முன்னமே சொன்னோம், பார்த்தீர்களா?’ என்று மகிழும் பள்ளிகளுக்கு இது புதிய செய்தியாக இராது. ‘தோட்டத்துப் பிள்ளை, இவ்வளவுதான் வரும்’ என்று ஒரு தலைமுறையையே கைகழுவியவர்களுக்கும் புதிதன்று.

குலப்பெருமையின் தீங்கு பணத்தோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். செல்வர் செல்வத்தைச் செல்வர் தொலைக்கின்றனர். தீங்கு குதிரையின் உடலையே தொட்டுவிட்டது. எல்லாரும் ஒரு சில பொலிகுதிரைகளையே நாடியதன் விளைவாக இனத்திற்குள் இனம் கலந்து நெருங்கிவிட்டது. 2020இல் வெளியான ஆய்வொன்று பல நாடுகளைச் சார்ந்த 10,000க்கு மேற்பட்ட குதிரைகளை நோக்கி, 100க்கு 97 குதிரைகளின் குடிவழியில் நார்தர்ன் டான்சர் இடம்பெற்றிருப்பதைக் கண்டது. உள்ளினக் கலப்பு ஆண்டுதோறும் மிகுந்து வருவதாகவும் கண்டது. அக்கலப்பு மிகுந்த குட்டிகள் பந்தயத் திடலை எட்டும் வாய்ப்பே குறைகின்றது என்று 2022இல் மற்றோர் ஆய்வு உரைத்தது. ஒரு பொலிகுதிரை ஓராண்டில் 140 பெண் குதிரைகளுக்கு மேற்படச் சேரலாகாது என்று அமெரிக்க ஜாக்கி கழகம் 2020இல் விதி செய்தது. பெரும்பண்ணையார் வழக்குத் தொடுத்தனர். கென்டக்கி மாநிலச் சட்டமன்றத்தார் சிலரும் எதிர்த்தெழுந்தனர். 2022இல் அவ்விதி திரும்பப் பெறப்பட்டது. வெற்றிக் குதிரைகளின் உண்மையான வழியுரிமை இதுதான் போலும்: தம் பெயரை விற்றுத் தம் பேரப்பிள்ளைகளின் எலும்பை நலிவித்தல்! குற்றம் அவற்றினுடையதன்று.

தந்தை பெயரையே உரக்கச் சொல்லும் அப்பதிவேடு தாயை எவ்வாறு நடத்துகின்றது என்பதும் நோக்கத்தக்கது. செக்ரட்டேரியட் பொலிகுதிரையானபோது அதனைப் போன்ற மகன்கள் வரிசையாகப் பிறக்கும் என்று எதிர்பார்த்து, 60 இலட்சம் டாலருக்கு மேல் அதன் மீது பங்கு கட்டினர். ரைசன் ஸ்டார் போன்ற சில நல்ல மகன்கள் தோன்றின, மறுப்பதற்கில்லை. தன்னை நிகர்த்த மகன் ஒன்றும் தோன்றவில்லை. ‘பொலிகுதிரையாகத் தோற்றது’ என்று எழுதி முடித்தனர். பின்னர் அதன் மகளான வீக்எண்ட் சர்ப்ரைஸ், ஏ. பி. இண்டி என்னும் மகனை ஈன்றது. டெர்லிங்குவா என்னும் மகள் ஸ்டார்ம் கேட்டை ஈன்றது. இரண்டும் அமெரிக்கக் குதிரை வளர்ப்பையே மாற்றியமைத்தன. மகள் வழியாக வந்த பெருமையைத் தந்தை வழியில் தேடிக் கொண்டிருந்தனர்! வழக்கமான குடிவழிப் பேச்சில் ஏ. பி. இண்டி இன்றும் சியாட்டல் ஸ்லூவின் மகன் என்றே முதலில் அறியப்படுகின்றது.

இனி, பதிவேட்டில் ஒரு வரியும் பெறாதவர்கள். செக்ரட்டேரியட்டின் உடைமையாளர் பெயரும் ஓட்டியவர் பெயரும் பலர் அறிவர். அதனோடு இரவும் பகலும் இருந்து, கால் தேய்த்து, கட்டுக் கட்டி, தீனி வைத்து, அதன் காது அசைவைக் கொண்டே அன்றைய மனநிலையை அறிந்தவர் எட்டி ஸ்வெட் என்னும் கறுப்பினக் குதிரைக்காரர். அவர் 1998இல் மறைந்தார். கென்டக்கி குதிரைப் பூங்காவில் செக்ரட்டேரியட்டின் கடிவாளத்தைப் பற்றி நடக்கும் அவருடைய வெண்கல உருவம் அதன் பின்னரே எழுந்தது. மேன் ஓ வாரைப் பல்லாண்டு பேணி, காண வந்தோர்க்கெல்லாம் அதன் கதையைச் சொல்லி வந்த வில் ஹார்பட்டும் கறுப்பினத்தவரே. அவர் 1947இல் மறைந்த சில வாரங்களுள் குதிரையும் மறைந்தது.

இன்னும் பின்னே சென்றால் நாணத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1875இல் முதல் கென்டக்கி டெர்பி நடைபெற்றபோது குதிரையோட்டிகள் 15 பேருள் 13 பேர் கறுப்பினத்தவர். வென்ற அரிஸ்டைடிஸ் என்னும் குதிரையை ஓட்டியவர் ஆலிவர் லூயிஸ். அதனைப் பயிற்றியவர் அடிமையாய் இருந்து விடுதலை பெற்ற ஆன்செல் வில்லியம்சன். ஐசக் மர்ஃபி 1884, 1890, 1891 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை அப்பந்தயத்தை வென்றார். ஜிம்மி விங்ஃபீல்டு 1901இலும் 1902இலும் வென்றார். அதன் பின்னர் அவ்வினத்தார் ஓட்டும் தொழிலிலிருந்தே திட்டமிட்டு ஒதுக்கப்பட்டனர். அந்நூற்றாண்டு முடியும் வரை மற்றொரு கறுப்பின ஓட்டி டெர்பியை வெல்லவில்லை. குதிரையின் குருதியை ஏழு தலைமுறை தேடியவர்கள் மனிதனின் குருதியையும் தேடத் தொடங்கியதன் விளைவு அது. ஒரு பிழையான எண்ணம் லாயத்தில் புகுந்தால் லாயத்தோடு நில்லாது.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று சிங்கப்பூர்த் தமிழர் கருத வேண்டியதில்லை. தேக்கா வட்டாரத்தில் அவர்கள் அன்றாடம் நடக்கும் ரேஸ் கோர்ஸ் சாலை, ஃபேரர் பார்க்கில் 1933 வரை நடைபெற்ற குதிரைப் பந்தயத்தால் பெயர் பெற்றது. அங்கிருந்து பந்தயம் புக்கித் தீமாவுக்குச் சென்றது. 1999இல் கிராஞ்சிக்குச் சென்றது. அக்கிராஞ்சியில் பயின்ற ராக்கெட் மேன் என்னும் குதிரை 2011இல் துபாய் சென்று, உலகின் விரைவோட்டக் குதிரைகளை வென்று திரும்பியது. அதுவும் காயடிக்கப்பட்ட குதிரை. அதன் குருதியைப் பெறுவதற்கு எவரும் இல்லை. ஆயினும் சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை.

புக்கித் தீமா லாயங்களில் குதிரைகளைப் பேணியோருள் பாவியான் தீவிலிருந்து வந்த போயானியர் பலர். விடியுமுன் எழுந்து குதிரைகளை நடத்திச் சென்றவர்கள் அவர்கள். அங்கு வென்ற குதிரைகளின் தந்தை, தாய், பாட்டன், முப்பாட்டன் பெயர்கள் யாவும் ஏட்டில் உள்ளன. அவற்றை நடத்திச் சென்ற கைகளின் பெயர்களைத் தேடுவோர் போயானியர் குடும்பங்களின் வாய்மொழியையே நாட வேண்டும்.

1842இல் தொடங்கப்பட்ட அக்கழகம் 2024 அக்டோபர் 5ஆம் நாள் கிராஞ்சியில் தன் இறுதிப் பந்தயத்தை நடத்தியது. நிலம் அரசுக்குத் திரும்புகின்றது. அவ்விடத்தில் வீடுகள் எழும். எஞ்சிய குதிரைகள் பிற நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. அவற்றின் குடிவழியைக் கூறும் தாள்களும் உடன் சென்றன. லாயங்களில் பணியாற்றியோர் வேறு வேலை தேடிச் சென்றனர்.